பெங்களூரில் ஐந்து பேர், ஐந்நூறு ரூபாய், ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி சுருக்கமாக இதுதான். முருகேஷ்பாளையாவில் வாடகை வீடு. கணவன், மனைவி, ஒன்பது வயதுப் பெண், ஐந்து வயதுப் பையன், வேலூரிலிருந்து வந்து தங்கியிருக்கும் மாமியார். ஞாயிறு வந்தால் பிள்ளைகள் மாலுக்குப் போகலாம் என்று நச்சரிக்கிறார்கள். போய் வந்தால் மூவாயிரம் ரூபாய் கரைந்துவிடுகிறது. வீட்டுக்குப் பக்கத்திலேயே, ஐந்நூறு ரூபாய்க்குள், முழங்கால் வலி உள்ள மாமியாரும் வரக்கூடிய மாதிரி எங்கே போகலாம்? "கப்பன் பார்க், லால்பாக் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்" என்று கடைசியில் ஒரு வரி வேறு.

அந்தக் கடைசி வரிக்கு மன்னிக்கவும். இரண்டையும் சொல்லத்தான் போகிறேன், கொஞ்சம் பொறுத்து.

முதலில் அந்த மூவாயிரம் எங்கே போகிறது என்று பாருங்கள். போக வர டாக்சி, ஃபுட் கோர்ட்டில் ஐந்து பேர் சாப்பாடு, விளையாட்டுக் கூடத்தில் ஒரு கார்டு, வெளியே வரும்போது ஐஸ்கிரீம். இதில் பிள்ளைகளின் விளையாட்டுக்கு என்று போனது மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மீதியெல்லாம் வண்டிக்கும் வயிற்றுக்கும். அதனால் இலவச இடம் எது என்று தேடுவதைவிட, எந்த இடத்துக்கு ஒரே பேருந்தில் போய் மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பலாம் என்று தேடுவதுதான் சரியான கணக்கு. நந்தி மலை மாதிரி ஓர் இடத்துக்கு வாடகைக் காரில் போனால் மாலுக்குப் போவதைவிடக் கூடுதலாக ஆகும்.

இந்தக் கணக்கில் நீங்கள் இருக்கும் இடம் அதிர்ஷ்டமானது. பழைய விமான நிலையச் சாலையில் 335-இ பேருந்து மெஜஸ்டிக் பேருந்து நிலையத்துக்கும் காடுகோடிக்கும் இடையே ஓடிக்கொண்டே இருக்கிறது. 2023 ஜூன் 11 முதல் கர்நாடகத்தில் சக்தி திட்டம் இருப்பதால், குளிர்சாதனம் இல்லாத அரசுப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் கர்நாடக முகவரி போட்ட அடையாள அட்டை வேண்டும். உங்கள் மனைவிக்கும் பெண்ணுக்கும் இங்கத்திய ஆதார் என்றால் இரண்டு பேர் இலவசம். மாமியாரின் ஆதார் வேலூர் முகவரியில் இருக்கும். அவருக்குச் சீட்டு வாங்க வேண்டியதுதான். பலர் இது தெரியாமல் நடத்துனரிடம் வாக்குவாதம் செய்துகொண்டிருப்பார்கள், பாவம், அவர் என்ன செய்வார்? ஒரே நாளில் நாலைந்து பேருந்து மாறுவதாக இருந்தால் மட்டும் நகரப் பேருந்துக் கழகமான பிஎம்டிசியின் நாள் பாஸ் எடுங்கள். போய் வருவதோடு சரி என்றால் தனித்தனிச் சீட்டே மலிவு.

மெட்ரோ? 2025 பிப்ரவரியில் கட்டணம் ஏறியபிறகு குடும்பத்தோடு போக அது அவ்வளவு மலிவு இல்லை. இந்திராநகரில் ஏறி கப்பன் பார்க்கில் இறங்க ஆளுக்கு இருபது, முப்பது ரூபாய் என்றால் போக வர இருநூறைத் தாண்டும். ஆனாலும் உங்கள் மாமியாருக்காக அதைத் தள்ளிவிட மாட்டேன். பேருந்தின் படி உயரம். மெட்ரோவில் மின்தூக்கி இருக்கிறது. ஆட்டோவில் விதிப்படி மூன்று பேர்தான். ஐந்து பேருக்கு இரண்டு ஆட்டோ, இரண்டு பேரம். மீட்டர் போடும் ஓட்டுநர் கிடைத்தால் அவர் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நேரம். காலை ஏழரைக்குக் கிளம்பி ஒரு மணிக்கு வீட்டில் இருங்கள். பேருந்தில் உட்கார இடம் கிடைக்கும், வெயில் ஏறியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் செப்டம்பர், அக்டோபரிலும் பெங்களூர் மழை பெரும்பாலும் பிற்பகலுக்கு மேல்தான் கொட்டும். அதற்குள் நீங்கள் வீட்டில் இருப்பீர்கள். எல்லாவற்றையும்விட, மதியச் சாப்பாடு வெளியே இல்லை. காலைப் பலகாரம் மட்டும் தர்ஷினி எனப்படும் சிறு உணவகம் ஒன்றில் நின்றுகொண்டே ஆகிவிடும்: பிள்ளைகளுக்கு இட்லி, வடை, பெரியவர்களுக்கு ஆளுக்கொரு தோசை, கடைசியில் காபி பைட்டூ. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துத் தரும் இந்த வழக்கத்துக்கே இந்த ஊருக்கு ஒரு கும்பிடு போடலாம்.

சரி, இடங்கள்.

நான் முதலில் அனுப்புவது ஹலசூருக்கு. நம் ஆட்கள் அல்சூர் என்போம். உங்கள் வீட்டிலிருந்து நாலைந்து கிலோமீட்டர்தான். சோமேஸ்வரர் கோயிலில் தொடங்குங்கள். உயரமான கோபுரம், விஜயநகரப் பாணித் தூண்கள், உள்ளே நல்ல நிழல். சாமி கும்பிட்டுவிட்டு உடனே வெளியே வந்துவிடாமல் சுவரோரமாக மெல்லச் சுற்றுங்கள். ராவணன் கைலாயத்தைத் தூக்கும் சிற்பம் இருக்கிறது, மகிஷாசுரமர்த்தினி இருக்கிறாள், பார்வதி கல்யாணம் இருக்கிறது, நம் நாயன்மார்களும் இருக்கிறார்கள். கண்ணப்பர் கதையோ காரைக்கால் அம்மையார் கதையோ தெரியாத மாமியார் வேலூர்ப் பக்கம் இருக்க மாட்டார். கதை சொல்லும் வேலையை அவரிடம் விட்டுவிட்டு நீங்கள் பின்னால் நடந்து வாருங்கள். ராவணன் எங்கே என்று பையனைத் தேடச் சொன்னால் அவனுக்கு அரை மணி நேரம் ஓடிவிடும்.

அங்கிருந்து ஏரிக்கரைக்கு வந்தால் திருவள்ளுவர் சிலை. இந்தச் சிலையின் கதையை ஒன்பது வயதுப் பெண்ணுக்குச் சொல்லலாம். 1991-இல் திறக்க இருந்து, எதிர்ப்பால் நின்றுபோய், பதினெட்டு ஆண்டு மூடியே கிடந்தது. 2009 ஆகஸ்ட் 9 அன்று எடியூரப்பா முதல்வராக இருந்தபோது கருணாநிதி வந்து திறந்து வைத்தார். நாலு நாள் கழித்து, ஆகஸ்ட் 13 அன்று, சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர் சிலை திறக்கப்பட்டது. அன்றைக்கு இங்கே வசித்த தமிழர்களுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்பது இப்போது வந்து குடியேறுகிறவர்களுக்குப் புரியாது. பக்கத்திலேயே பெங்களூர்த் தமிழ்ச் சங்கம், அதில் ஒரு நூலகம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதில் உள்ள பெண்ணுக்கு அந்த இடத்தைக் காட்டி வைப்பது நல்லது. பல பள்ளிகளில் மூன்றாம் மொழியாகக்கூடத் தமிழ் கிடைக்காத ஊர் இது.

ஏரியில் படகு விடுவது சில காலம் நடக்கும், சில காலம் நிற்கும். அதை நம்பிப் பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள். பறவைகளை நம்பலாம். பெங்களூர் ஏரிகளில் கூழைக்கடா சாதாரணமாக வந்து இறங்கும். தாடையின் கீழே பை தொங்க அது மீனை அள்ளுவதை ஒரு தடவை பார்த்த பிள்ளை மறக்காது. நீர்க்காகம் மூழ்கி எழுந்து இறக்கையைக் காயவைத்துக்கொண்டு நிற்கும். நெற்றியில் வெள்ளை நாமம் போட்ட கறுப்புப் பறவை நாமக்கோழி. மேலே வட்டமடிப்பதில் வெள்ளைத் தலையும் செங்கல் நிற உடம்பும் இருந்தால் செம்பருந்து. மெர்லின் என்ற இலவசச் செயலியைக் கைபேசியில் ஏற்றிக்கொண்டால் பறவையின் குரலைக் கேட்டே பேர் சொல்லும். பையனிடம் கைபேசியைக் கொடுத்தால் அடுத்த வீட்டு நாய் குரைத்தாலும் தூக்கிப் பிடிப்பான், அது வேறு விஷயம். இன்னும் நிறையப் பறவை வேண்டுமென்றால் சர்ஜாபூர் சாலையில் கைக்கொண்டரஹள்ளி ஏரி. அந்தப் பகுதிக்காரர்களே முன்னின்று மீட்டெடுத்துப் பார்த்துக்கொள்ளும் ஏரி அது. பொதுவாக இந்த ஏரிகள் காலையும் மாலையும்தான் திறந்திருக்கும், நடுப்பகலில் போனால் பூட்டைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொரு ஞாயிறு தோம்லூர். பேருந்தில் சில நிறுத்தங்கள்தான். மேம்பாலத்தையும் அலுவலகக் கட்டடங்களையும் பார்த்துப் பழகிய நமக்கு, அந்தச் சந்துகளுக்குள் ஒரு பழைய கோயில் இருப்பது தெரிவதில்லை. சொக்கநாத சுவாமி கோயில். பேரைக் கேட்டு மதுரைச் சொக்கர் என்று நினைத்துப் போனால் உள்ளே பெருமாள் நிற்பார். கோயில் கற்களில் தமிழ்க் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் இந்த ஊருக்குப் பேர் தேசிமாணிக்கப்பட்டணம். இந்த இடத்தைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஒரு புதையல் வேட்டையாக ஆக்கலாம். எழுத்துகள் இப்போதைய வடிவத்தில் இல்லை, ஆனாலும் க, ப, ட, ம போன்ற சில எழுத்துகளை ஒன்பது வயதுப் பிள்ளையால் கண்டுபிடிக்க முடியும். ஒரு கைவிளக்கை எழுத்துகளுக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் பள்ளங்களில் நிழல் விழுந்து தெளிவாகத் தெரியும். சாக்பீஸ் தேய்ப்பது, மாவு பூசுவது எதுவும் கூடாது, கல் கெட்டுவிடும். பெங்களூர்க் கல்வெட்டுகளை முப்பரிமாணமாகப் படமெடுத்துப் பாதுகாக்கும் வேலையை 1909-இல் தொடங்கிய மிதிக் சொசைட்டி செய்துவருகிறது. பெண்ணுக்கு ஆர்வம் வந்துவிட்டால் அடுத்து பேகூர் நாகேஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். "பெங்களூர்" என்ற பேர் வரும் மிகப் பழைய கல்வெட்டு அங்கேதான், ஏறத்தாழ கி.பி. 900-ஐ ஒட்டியது. கெம்பே கௌடா 1537-இல் கோட்டை கட்டுவதற்கு அறுநூறு ஆண்டுக்கு முந்தையது.

உங்கள் பையனுக்கு இதெல்லாம் சலிக்கலாம். அவனுக்கு எதிர்த்திசையில் விமானங்கள் இருக்கின்றன. அதே 335-இ பேருந்தில் மாரத்தஹள்ளிப் பக்கம் போனால் எச்.ஏ.எல். விமானத் தொழிற்சாலையின் பாரம்பரியக் காட்சியகம், 2001-இல் தொடங்கியது. நுழைவுச்சீட்டு உண்டு, உங்கள் ஐந்நூறில் அடங்கும். வெளியே புல்வெளியில் விமானங்களை அப்படியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எச்.ஏ.எல். தொழிற்சாலை வால்சந்த் ஹீராசந்த் 1940-இல் தொடங்கியது. 1961-இல் பறந்த மாருத் போர் விமானம் அங்கே நிற்கிறது. இரண்டாம் உலகப்போரில் ஜெர்மனிக்கு விமானம் வடிவமைத்த குர்ட் டாங்க் என்பவர் இங்கே வந்து, நம் பொறியாளர்களோடு சேர்ந்து செய்தது. 1951-இல் பறந்த எச்.டி.-2 பயிற்சி விமானம், மிக்-21 எல்லாம் உண்டு. மூக்கு எங்கே, வால் எங்கே, சக்கரம் எங்கே மடங்கும் என்று பையன் கேட்டுக்கொண்டே இருப்பான். முருகேஷ்பாளையாவில் தலைக்கு மேல் பறக்கும் பயிற்சி விமானங்களின் சத்தம் உங்களுக்குப் பழக்கம்தானே; அவை எங்கிருந்து வருகின்றன என்பதும் அவனுக்குப் புரியும். மாமியாருக்கு இங்கே ஆர்வம் இருக்காது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். எச்.ஏ.எல்., பி.இ.எல்., ஐ.டி.ஐ. என்று இந்த ஊர்த் தொழிற்சாலைகளில் வேலைக்குச் சேர்ந்த ஒரு சித்தப்பாவோ அண்ணனோ இல்லாத குடும்பம் வட ஆற்காட்டில் குறைவு. அவர் கதையும் அங்கே கிளம்பும்.

இப்போது கப்பன் பார்க். தெரியும் என்கிறீர்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் போயிருக்கிறீர்களா? அன்றைக்கு உள்ளே வாகனங்களை விடுவதில்லை. மற்ற நாள்களில் கார் ஓடும் சாலையில் பிள்ளைகள் சைக்கிளும் சறுக்குச் சக்கரமுமாகத் திரிவார்கள். பெங்களூரில் ஐந்து வயதுப் பிள்ளையின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய தார்ச்சாலை வேறு எங்கே கிடைக்கும்? 1870-இல் ரிச்சர்ட் சாங்கி போட்ட பூங்கா இது. சிவப்பு நிறத்தில் நிற்கும் சேஷாத்ரி ஐயர் நினைவு மண்டபத்தில் மாநில மைய நூலகம் இருக்கிறது. பால பவன் பக்கம் சின்ன ரயில் ஒன்று உண்டு, ஓடுகிற நாளா என்று முன்பே விசாரித்துவிட்டுப் பையனிடம் சொல்லுங்கள். மாமியாருக்கு ஒரு நல்ல நிழலில் இடம் பார்த்துக் கொடுத்தால் அவர் ராணி மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பூங்காவை ஒட்டி கஸ்தூர்பா சாலையில் விஸ்வேஸ்வரையா தொழில்நுட்ப அருங்காட்சியகம். பொறியாளர் விஸ்வேஸ்வரையா நூறு வயதைத் தாண்டி வாழ்ந்து 1962 ஏப்ரலில் காலமானார். ஜூலையில் நேரு இதைத் திறந்து வைத்தார். இங்கே போவதாக இருந்தால் கப்பன் பார்க்கோடு சேர்க்காதீர்கள், தனி நாளாக வையுங்கள். சீட்டு விலை மாறிக்கொண்டே இருக்கிறது. ஐந்து பேர் போனால் உங்கள் ஐந்நூறில் பெரும்பகுதி இதற்கே போய்விடும், அதனால் திறந்ததிலிருந்து மூடும் வரை பயன்படுத்திக்கொள்வதுதான் நியாயம். என் யோசனை: மழைக்காலத்துக்காக இதைச் சேமித்து வையுங்கள். நெம்புகோல், கப்பி, பல்சக்கரம் எல்லாவற்றையும் கையால் இழுத்துச் சுழற்றிப் பார்க்கலாம். வாசலில் வாயைத் திறந்து மூடும் டைனோசர் ஒன்று நிற்கிறது; பையன் முதலில் அழலாம், அப்புறம் அதைவிட்டு நகர மாட்டான். ரைட் சகோதரர்களின் விமானத்தை அதே அளவில் செய்து வைத்திருக்கிறார்கள். எச்.ஏ.எல். காட்சியகம் பார்த்த பிறகு வந்தால் இரண்டுக்கும் உள்ள தூரம் பெண்ணுக்கு விளங்கும். சௌடையா சாலையில் இருக்கும் நேரு கோளரங்கம் திங்கள் தவிர நடக்கிறது, ஆனால் காட்சி கன்னடத்திலும் ஆங்கிலத்திலும்தான். ஐந்து வயதுப் பையன் இருட்டில் தூங்கிவிடுவான். இரண்டு வருடம் பொறுங்கள்.

லால்பாகுக்கு வருகிறேன். நீங்கள் மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் போய் நசுங்கியிருப்பீர்கள், அதனால்தான் அந்த அலுப்பு. குடியரசு நாளையும் சுதந்திர நாளையும் ஒட்டி நடக்கும் அந்தக் கண்காட்சியை வேலைநாள் காலையில் பார்ப்பதே உத்தமம். ஞாயிறு என்றால் பூவைவிடத் தலைகளைத்தான் அதிகம் பார்ப்பீர்கள். சாதாரண ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் நடக்க வருகிறவர்களோடு போங்கள், தோட்டமே வேறு. 1760-இல் ஹைதர் அலி தொடங்கியது, இன்று 240 ஏக்கர். நேரே கண்ணாடி மாளிகைக்குப் போகாமல் பாறைக்குப் போங்கள். உச்சியில் கெம்பே கௌடா பெயரில் ஒரு சிறு கோபுரம் இருக்கும் அந்தப் பாறைக்கு ஏறத்தாழ 300 கோடி வயது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னம் என்று பலகையே வைத்திருக்கிறார்கள். டைனோசர் எல்லாம் வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தக் கல் இங்கே இருந்தது என்று சொல்லிப் பாருங்கள். பையன் உடனே அதன் மேல் சறுக்குவான். கல் அதையும் பார்த்திருக்கும்.

லால்பாகில் இன்னொரு ஆளைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1908 முதல் 1932 வரை அங்கே தலைமைப் பொறுப்பில் இருந்த ஜெர்மானியர் கிரும்பீகல். ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்க வேண்டும், வருடம் முழுக்கத் தெருவில் நிறம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு மரம் நடச் சொன்னவர். அதன் பலனை நீங்கள் ஒரு பைசா இல்லாமல் அனுபவிக்கலாம். ஜனவரி, பிப்ரவரியில் இளஞ்சிவப்பு டபேபுயா, அடுத்து மஞ்சள் டபேபுயா, மார்ச்சில் ஊதா ஜகரண்டா, புங்கையின் இளம்பச்சைத் தளிர், ஏப்ரல், மே மாதங்களில் தீப்பிடித்த மாதிரி செம்மயிற்கொன்றை. 1980-களில் வன அதிகாரி நெகின்ஹால் தலைமையில் நட்ட 15 லட்சம் மரங்களும் சேர்ந்துதான் இன்று நாம் பார்க்கும் நிழல். பெண்ணுக்கு ஒரு பழைய நோட்டுப் புத்தகம் கொடுத்து, தெருவில் விழுந்த பூவை அழுத்தி ஒட்டி, தேதி போடச் சொல்லுங்கள். இந்திராநகரின் பழைய குறுக்குத் தெருக்களே போதும், பேருந்துகூட வேண்டாம்.

கோட்டைப் பக்கம் ஒரு நாள் ஒதுக்கலாம். கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட் மெட்ரோவில் இறங்கினால் திப்புவின் கோடைக்கால அரண்மனை, 1791-இல் கட்டி முடித்த தேக்குமர மாளிகை. தொல்லியல் துறை இடம் என்பதால் பதினைந்து வயதுக்குக் கீழே சீட்டு இல்லை, பெரியவர்களுக்கும் இருபது, இருபத்தைந்து ரூபாய்தான். ஒட்டினாற்போல 1689-இல் கட்டிய கோட்டை வெங்கடரமணர் கோயில். கொஞ்ச தூரத்தில் மிச்சமிருக்கும் கோட்டை வாசலும் அதன் நிலவறைகளும். நிலவறை என்று சொன்னாலே பையன் முன்னால் ஓடுவான். திரும்பும்போது மார்க்கெட்டில் வாரத்துக்கான பூவும் காய்கறியும் வாங்கிவிட்டால், உங்கள் பக்கத்துக் கடை விலையோடு ஒப்பிட்டு மாமியார் அன்றைய பேருந்துச் செலவை ஈடுகட்டிவிட்டதாகக் கணக்குக் காட்டுவார்.

தூரம் என்றாலும் மல்லேஸ்வரத்தை விட மனமில்லை. காடு மல்லேஸ்வரர் கோயிலைக் கட்டியவர் சிவாஜியின் தம்பி ஏகோஜி. பின்னாளில் தஞ்சாவூரில் மராட்டிய அரசைத் தொடங்கியவர் அவரேதான். எதிரே 1997-இல் மண்ணுக்குள்ளிருந்து வெளிப்பட்ட நந்தி தீர்த்தம், நந்தியின் வாயிலிருந்து லிங்கத்தின் மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும்.

இனி, நாள்காட்டியில் குறித்து வைக்க வேண்டியவை. இவை நுழைவுச்சீட்டு இல்லாதவை, மாலில் கிடைக்கவே கிடைக்காதவை. கார்த்திகை மாதக் கடைசித் திங்கள், கன்னடக் கணக்குப்படி, பசவனகுடியில் கடலேக்காய் பரிஷே. பெரிய நந்தி கோயில் தெரு முழுக்க வேர்க்கடலைக் குவியல். கோலார், சிக்கபள்ளாபூர் மட்டுமில்லை, கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்தும் மூட்டையோடு வருவார்கள், தமிழிலேயே பேரம் பேசலாம். ஞாயிற்றுக்கிழமையே கடைகள் போட்டுவிடுவார்கள், அன்றைக்குப் போங்கள். ஜனவரியில் ஒரு ஞாயிறு குமாரகிருபா சாலையை அடைத்து ஓவியச் சந்தை நடத்துவார்கள், சித்ரசந்தை என்று பேர்; உட்கார்ந்த இடத்தில் முகம் வரைந்து தருகிறவர்கள் வரிசையாக இருப்பார்கள். பிப்ரவரி, மார்ச் வாக்கில் இந்திய அறிவியல் கழகம் ஒரு நாள் எல்லாருக்கும் கதவைத் திறந்துவிடும். ஆய்வுக்கூடத்தில் திரவ நைட்ரஜனில் பூவை முக்கி உடைத்துக் காட்டுவது மாதிரி வேடிக்கைகள் இருக்கும். திருச்சியில் பிறந்த சி. வி. ராமன் 1933-இல் அங்கே இயக்குநராக வந்தார். உங்கள் பக்கத்துப் பேட்டைக்கு அவர் பெயர்தான். செப்டம்பர் 8 சிவாஜிநகர் மரியன்னை பேராலயத் திருவிழா. அதற்கு முன் பத்து நாளும் தமிழ்ப் பூசை உண்டு, காவிச் சேலை கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். வேளாங்கண்ணிக்குப் போக முடியாத குறையை இங்கே தீர்த்துக்கொள்கிறவர்கள் பலர், எல்லா மதத்திலும்.

சித்திரா பௌர்ணமி இரவில் தர்மராயசுவாமி கோயிலிலிருந்து கிளம்பும் கரகத்தைத் தனியே சொல்ல வேண்டும். திரௌபதியைக் கொண்டாடும் விழா. எடுத்து நடத்துவது திகளர் சமூகம். தோட்ட வேலையில் பேர் பெற்றவர்கள், அவர்களின் வேர் தமிழ் நாட்டுப் பக்கம். பெண் வேடமிட்ட பூசாரி பூக்கூம்பைத் தலையில் சுமந்து, உருவிய வாளோடு வீரகுமாரர்கள் சூழ, விடிய விடியப் பேட்டைத் தெருக்களில் நடப்பார். வழியில் காட்டன்பேட்டை மஸ்தான் சாகிப் தர்காவில் நின்று போவது வழக்கம். வேலூர்ப் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தும் தீமிதியும் பார்த்து வளர்ந்த உங்கள் மாமியாருக்கு இது ஒன்றும் அந்நியமாக இருக்காது. ஆனால் நள்ளிரவுக் கூட்டம், நெரிசல். பையனை விட்டுவிட்டுப் பெண்ணை மட்டும், அதுவும் யாராவது தெரிந்தவர் வீட்டு மாடி கிடைத்தால் கூட்டிப் போங்கள்.

பன்னேர்கட்டா பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் வீட்டிலிருந்து தூரம், சஃபாரியோடு சேர்த்து உங்கள் வரவுக்குள் அடங்காது. வண்ணத்துப்பூச்சிப் பூங்கா உண்மையிலேயே அழகு, வருடத்துக்கு ஒரு தரம் பிறந்தநாள் செலவாக வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய்க்கிழமை விடுமுறை.

எங்கும் கிளம்ப முடியாத ஞாயிறும் வரும், முழங்கால் வலியோ மழையோ. பல்லாங்குழி, தாயக்கட்டை இரண்டும் இங்கே உள்ளவர்களுக்கும் தெரியும். அளிகுளி மணே, சௌக்க பாரா என்பார்கள். மாமியார் தரையில் சுண்ணாம்பால் கட்டம் போட்டுக் கொடுத்தால், பக்கத்து வீட்டுக் கன்னடப் பாட்டி தன் சட்டத்தோடு வந்து உட்காருவார். யார் சட்டம் சரி என்பதில் இரண்டு மணி நேரம் போய்விடும்.

எதில் தொடங்குவது என்று கேட்டால், வரும் ஞாயிறு ஹலசூர். செலவு: பேருந்தில் உங்களுக்கும் மாமியாருக்கும் சீட்டு, பையனுக்கு என்ன என்பதை நடத்துனரே சொல்வார்; தர்ஷினியில் காலைப் பலகாரம்; கோயில் வாசலில் பூ, சுண்டல். ஐந்நூறில் மிச்சம் இருக்கும். அன்றைக்கு மாமியார் நடந்ததைப் பார்த்து அடுத்த வாரம் தோம்லூரா, விமானமா என்று முடிவு செய்யுங்கள். தோம்லூர்க் கோயிலில் மதியம் நடை சாத்திவிடுவார்கள், பத்து மணிக்குள் போய்ச் சேருங்கள்.